புள்ளி மலையில் காணாமல் போன இருவர்

1

சனிக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் ஈயன். செம்பட்டைத் தாடி, வாசலை அடைக்கிற உடம்பு. ஆட்டு ஈரல் கேட்டேன். நிறுத்துப் பொட்டலம் கட்டினார். பிறகு இன்னொரு துண்டை எடுத்துத் தனியாகச் சுற்றி அதன் மேல் வைத்தார்.

"இது மியா மியாவுக்கு. அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. முட்டிவலி மட்டும்."

"உங்களுக்கு?"

"எனக்கும் முட்டிவலிதான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வாராவாரம் இது நடக்கிறது, வாராவாரம் சிரிக்கிறார்கள். போன ஆகஸ்டில் இந்த ஊர் மலையில் வயதான பெண்கள் இரண்டு பேர் காணாமல் போனார்கள். ஒருத்தி பாக்கியம், இன்னொருத்தி மியா மியா. இரண்டு பேரும் நான்தான்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. நம் கோயில் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ரங்கூனிலிருந்து போனில் கேட்டார்கள். நான் படித்தது கோயில் வகுப்பில் படித்ததுதான். எழுத்து கோணலாக வரும், மெதுவாகவும் வரும். ஆனால் இந்தக் கதையை வேறு யாராவது எழுதினால் பாதியை விட்டுவிடுவார்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

2

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ரங்கூன் தமிழர்களில் பலருக்கு வீட்டுக்கு ஒரு பெயர், சர்க்காருக்கு ஒரு பெயர். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எனக்கு வைத்த பெயர் பாக்கியம். அடையாள அட்டை எடுக்கப் போன அன்று அதிகாரி அதைப் பர்மிய எழுத்தில் எழுதிப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. மியா மியா என்று போடட்டுமா என்றார். மரகதம் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது, சரி என்றேன்.

அதிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ரங்கூன் பபேடான் வட்டாரத்தில் தோசைக்கடை போட்டவள் பாக்கியம். கல்யாண வீட்டில் வாய் ஓயாமல் பேசியவள் பாக்கியம். பர்மாவில் பெண்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு டோ சேர்ப்பார்கள்; அந்த டோ மியா மியா வரிசையில் நின்றாள். எண்ணெய்க்கு நின்றாள், வார்டு ஆபீசில் நின்றாள், பாஸ்போர்ட்டுக்கு நின்றாள். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் என் கால் தானாக எழுந்து நிற்கும். உடனே எழாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் அல்லவா.

வீட்டுக்காரர் காலமான பிறகு, 2004இல், என் மகள் வசந்தா என்னை இங்கே கூட்டி வந்தாள். ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர் பக்கம் ஒரு சின்ன ஊர். அவளுக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. நாள் பூராவும் கிழவர் கிழவிகள் விழுவதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் என்னையும் விழப்போகிறவளாகவே பார்ப்பாள். பேத்திக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இந்த ஊர் இங்கிலீஷில் வரும், அதுவும் உருட்டி உருட்டி.

3

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே மலை. பென் வ்ராக்கி என்று பெயர். இந்த மண்ணின் பழைய பாஷையில் புள்ளி போட்ட மலை என்று அர்த்தமாம். நான் புள்ளி மலை என்று வைத்துக்கொண்டேன். பனிக்காலத்தில் வெள்ளை, பிறகு பழுப்பு, ஆகஸ்டில் ஹெதர் என்கிற செடி பூத்துக் கத்தரிப்பூ நிறம். சில நாள் மலையே இருக்காது. மேகம் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். மறுநாள் கழுவித் துடைத்த மாதிரி திரும்ப வந்து நிற்கும்.

எனக்கு மலை மேல் ஒரு பாக்கி இருந்தது. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரும் நானும் அவர் தங்கை தனமும் கியாக்டியோ பொன்பாறைக்குப் போனோம். மலை ஏறி, வெறுங்காலோடு பாறை வரைக்கும் போனோம். அங்கே பெண்கள் பாறையைத் தொடக் கூடாது. தனமும் நானும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் உள்ளே போய்த் தங்கத்தாள் ஒட்டிவிட்டு வந்தார்.

"உங்க ரெண்டு பேர் பங்குக்கும் சேத்து ஒட்டிட்டேன்."

"எந்த இடத்துல?" என்றாள் தனம்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். பாறை முழுக்கத் தங்கம். இதில் எங்கள் தாள் எது என்று யார் கண்டது.

அது அவர்கள் வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே தனத்திடம் சொன்னேன், சாவதற்குள் ஒரு மலை உச்சியை என் கையால் தொடுவேன் என்று. சொல்லிவிட்டு ரங்கூனுக்குத் திரும்பினேன். ரங்கூனில் மலைக்கு எங்கே போவது? ஷ்வேடகோன் பகோடா நிற்கிற குன்றை விட்டால் ஊரே தோசைக்கல் மாதிரி தட்டை.

இங்கே வந்த பிறகு தனம் போனில் கேட்டாள்.

"அண்ணி, அங்க என்ன பாத்தீங்க?"

"மலை. வீட்டுக்கு எதுத்தாப்லயே இருக்கு."

"ஏறியாச்சா?"

"இல்ல. ஜன்னல்லேர்ந்து பாக்கறேன்."

"சட்டி கழுவிக்கிட்டே மலை பாக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போனீங்க? சொல்லியிருந்தா இங்கயே ஒரு காலண்டர் மாட்டி விட்டிருப்பேன்ல."

4

பக்கத்து வீட்டு ஜீன் இல்லாவிட்டால் நான் இன்னும் ஜன்னலில்தான் நின்றிருப்பேன். அவளும் புருஷனை இழந்தவள், பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னைக் கடைக்கு அழைத்துப்போய் நடைச்செருப்பு வாங்க வைத்தாள். செருப்பு என்றால் கணுக்கால் வரை ஏறுகிற பூட்ஸ். சிவப்புக் கயிறு போட்டதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். உள்ளே கம்பளிக் காற்சட்டை, மேலே தமெய்ன் என்கிற பர்மியப் பாவாடை, காலில் சிவப்புக் கயிறு. ஊர் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

முதல் நாள் நடையில் வயலுக்குக் குறுக்கே ஒரு மரக்கதவு. நான் பையிலிருந்து என் பஸ் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன செய்யற?" என்றாள் ஜீன்.

"ஆள் வரட்டும்."

"எந்த ஆள்?"

யாரும் வர மாட்டார்களாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, ஆனால் நடப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாமாம். கதவைத் திற, போ, ஆடு வெளியே வராமல் மூடு. அதுதான் விதி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் வீட்டில் மாமா ஒரு ராத்திரி தங்கினால்கூட வார்டு ஆபீசில் சொல்லிவிட்டு வர வேண்டும். எண்பத்தெட்டில் ஊரடங்கு போட்டபோது எதிர்வீட்டில் போய் உப்பு வாங்குவதே ஒரு பிரயாணம். நான் அந்தக் கதவைத் திறந்தேன், மூடினேன். மறுபடியும் திறந்தேன், மூடினேன். ஜீன் வேலியில் சாய்ந்துகொண்டு, நான் முடிக்கட்டும் என்று சாக்லேட் தின்றாள்.

அப்புறம் யார் எங்களைப் பிடிப்பது. காட்டுக்குள்ளே கறுப்பு அருவி, ஓக் மரங்களுக்கு நடுவே கூந்தலை உதறின மாதிரி விழும். மீன்கள் ஆற்றை எதிர்த்து ஏறுவதற்காக ஒரு படிக்கட்டே கட்டி வைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்தோம். கில்லிகிராங்கியில் இரண்டு பாறைக்கு நடுவே ஆறு குறுகி, நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது. பழைய சண்டையில் ஒரு சிப்பாய் எதிரிக்குப் பயந்து இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைக்குத் தாண்டினானாம். ஜீன் பெருமையாகச் சொன்னாள்.

"எங்க ஊர்ல இதுக்கு சம்பான் படகுக்காரன் நிப்பான்," என்றேன். "அக்கரையில டாலாவுக்குப் போக நாங்க யாரும் தாண்டறதில்ல."

இங்கே மிட்ஜ் என்று ஒரு பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, கடி மட்டும் தெரியும். நான் தனக்கா மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசிக்கொண்டு போவேன். ஒரு நாள் ஜீன் தன் கன்னத்தையும் காட்டினாள், அவளுக்கும் பூசிவிட்டேன். மஞ்சள் கன்னத்தோடு இரண்டு பேரும் காட்டிலிருந்து வெளியே வந்தபோது, சைக்கிளில் வந்த ஒரு மனிதர் இறங்கி நின்று வழி விட்டார்.

ஆனால் புள்ளி மலை மட்டும் பாதியோடு நின்றது. அதன் மடியில் ஒரு ஏரி இருக்கிறது. அதுவரைக்கும்தான் வசந்தாவின் உத்தரவு.

"ஏரிக்கு மேல செங்குத்தாக் கல்லுப்படிம்மா. படி வேணாம்."

"நான் பாக்காத படியா?"

"ஒரு தடவ விழுந்தீங்கன்னா அப்புறம் நடையே கெடையாது. பூட்ஸ தூக்கி அலமாரியில வச்சுப் பூட்டிடுவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரிந்தது.

5

அன்றைக்கு ஜீனுக்கு ஜலதோஷம். வசந்தா காலை வேலைக்குப் போயிருந்தாள். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. புளிச்சோறு கட்டிக்கொண்டு, ஏரிவரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

மரங்களுக்கு நடுவே ஓடைப் பக்கமாக ஏறினால் ஒரு கதவு வரும். திறந்து மூடினேன். அதற்கப்புறம் மரமே இல்லை. மலை முழுக்கப் பூ. தேனீக்கள் சத்தம் காலுக்குக் கீழேயிருந்து வருகிறது. ஆடுகள் என்னைப் பார்த்தன, வேலையைப் பார்த்தன. ஏரிக்கரையில் உட்கார்ந்து சோற்றைத் தின்றேன். எதிரே கல்படி ஆரம்பிக்கிறது. யாரோ பொறுமையாக ஒவ்வொரு கல்லாகப் பதித்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். மலையடியில் கல்படி தொடங்குகிறதென்றால் அங்கே செருப்பைக் கழற்றுகிறோம். யோசிப்பதில்லை. என் கை அதுபாட்டுக்குச் சிவப்புக் கயிற்றை அவிழ்த்தது. காலுறையும் ஆகாதே, அதையும் கழற்றி மடித்துப் பூட்ஸுக்குள் வைத்தேன். தண்ணீர் ஓரத்தில் ஒரு தட்டைக் கல், அதன் மேல் ஜோடியாக, ஏரியைப் பார்த்தபடி வைத்தேன். பக்கத்தில் குடை.

வசந்தா சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் செருப்பைக் கழற்றிய பிறகு படி ஏறாமல் திரும்புகிற வழக்கம் நம்மிடம் கிடையாது.

ஏறினேன். நான் வேகமாக ஏறுகிறவள் இல்லை. ஐந்தாறு படி, ஒரு மூச்சு, ஒரு பார்வை. கல் ஜில்லென்று இருந்தது, ரங்கூன் வெயிலில் சுடுகிற கோயில் படிக்கு இது எவ்வளவோ தேவலை. நடுவில் எனக்கே சிரிப்பு வந்தது. தனியாக, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

6

கீழே நடந்ததெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பதி ஏரிக்கரையில் பூட்ஸைப் பார்த்திருக்கிறார்கள். ஆள் இல்லை. போன் போட்டார்கள். சின்ன ஊர், சேதி உடனே ஜீன் காதுக்குப் போயிற்று. சிவப்புக் கயிறு என்றதும் அவள் ஜலதோஷத்தோடு ஓடிப்போய், அது பாக்கியத்தின் பூட்ஸ், பாக்கியத்தைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அதே நேரம் பேத்தி வீட்டுக்கு வந்து, பாட்டியைக் காணோம் என்று வசந்தாவுக்குப் போன் செய்திருக்கிறாள். வசந்தா போலீசைக் கூப்பிட்டாள். பெயர் என்ன என்று கேட்டார்கள். போலீஸ் பெயர் கேட்டால் என்ன சொல்வாள்? ரங்கூனில் பிறந்த பிள்ளை. மூச்சு விடாமல் சர்க்கார் பெயரைச் சொன்னாள். டோ மியா மியா.

ஆக, ஒரு மலை, இரண்டு கிழவிகள். ஊரில் மலையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க ஒரு குழு உண்டு. யாரும் சம்பளத்துக்கு வருவதில்லை. கடையையும் பட்டறையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள். கொஞ்சம் பேர் ஏரியைப் பார்த்தார்கள். கறிக்கடை ஈயன் படியேறி வந்தார்.

7

உச்சிக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருந்தேன். "பாக்கியம்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினால் செம்பட்டைத் தாடி. வாங்க என்றேன். வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு வராமல் மூச்சு வாங்கினார். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். இனி நான் சொன்னதையெல்லாம் நல்ல தமிழில் எழுதுகிறேன். அன்றைக்கு இங்கிலீஷில் அவ்வளவு அழகாக வரவில்லை.

"உங்க பூட்ஸ் ஏரிக்கரையில கெடந்துது," என்றார்.

"கெடக்கல. வச்சேன்."

"நீங்க தண்ணிக்குள்ள..."

"காலுறைய மடிச்சு வச்சுட்டு யாராவது தண்ணியில விழுவாங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கீழே எத்தனை பேர் எதை நினைத்துக்கொண்டு தேடுகிறார்கள் என்று. வசந்தா முகம் கண்ணில் வந்தது. எழுந்து இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

"சரி, நீங்க கெடச்சாச்சு," என்றார் ஈயன். "உங்க கூட வந்தவங்க எங்க?"

"யாரும் வரலையே."

கையில் வைத்திருந்த வயர்லெஸ்ஸில் ஏதோ கரகரத்தது. கேட்டுவிட்டுச் சொன்னார். "மியா மியா. டோ மியா மியா. அவங்களையும் காணோம்."

என் கால் தானாக எழுந்து நின்றது.

மலைமேல் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதெல்லாம் கௌண்டருக்குப் பின்னாலிருந்துதான். பாவம், மியா மியா. பாக்கியமாவது கியாக்டியோ போனாள், டாலாவுக்குப் படகில் போனாள், கறுப்பு அருவி பார்த்தாள். அவளை யார் எங்கே கூட்டிப் போனார்கள்? வாழ்நாள் பூராவும் வரிசை. இப்போது ஒரு ஊரே அவளைத் தேடுகிறது. உச்சி அதோ தெரிகிறது.

"அவ மேல இருக்கா," என்றேன்.

"மேலயா? தனியாவா?"

"வாங்க, காட்டறேன்."

அவர் பதறிப்போய், நீங்கள் உட்காருங்கள், நான் போய்ப் பார்க்கிறேன் என்றார். அதற்குள் நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். என்னை விட்டுவிட்டுப் போக முடியாது, மேலே இருக்கிறவளையும் விட முடியாது. கடைசியில் கையைக் கொடுத்தார். தன் பையிலிருந்து ஒரு ஜோடி காலுறை எடுத்து நீட்டினார்.

"மலைங்க," என்றேன். திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

8

உச்சியில் காற்று ஆளைத் தூக்குகிறது. கல்லைக் கல் மேல் அடுக்கி ஒரு குவியல். பக்கத்தில், எந்தத் திசையில் எந்த மலை என்று காட்டுகிற உலோகத் தட்டு. சுற்றிலும் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் நீலம். கம்பி கிடையாது. தடுக்கிற ஆளும் கிடையாது.

ஈயன் நாலு பக்கமும் ஓடினார். வாயில் கையைக் குவித்து "மியா மியா" என்று கூவினார். அவ்வளவு பெரிய குரலில், அவ்வளவு உயரத்தில்.

நான் அந்தக் கல் குவியலை வலமாகச் சுற்றி வந்தேன். வந்து, இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்தேன். சொரசொரப்பாக, ஜில்லென்று இருந்தது. ஒரு கல்லில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவசரமாக எடுக்கவில்லை. யாருடைய பங்குக்கும் யாரும் ஒட்ட வேண்டாம். என் கை, கல், அவ்வளவுதான்.

"இங்க யாருமே இல்லையே," என்றார் அவர் பின்னாலிருந்து. முகம் வெளுத்திருந்தது.

"இருக்கா. இதோ," என்று என்னைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. பஸ் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பெயரைப் படித்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரித்தது, தாடி எல்லாம் ஆட, கண்ணில் தண்ணீர் வர. நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. சிரித்து முடித்து வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"ரெண்டு பேரும் கெடச்சுட்டாங்க. ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க." கொஞ்சம் யோசித்தார். "கால் ரெண்டுதான் இருக்கு. செருப்பு மட்டும் ஒரு ஜோடி எடுத்து வைங்க."

9

ஏரிக்கரையில் வசந்தா என் பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"எந்தப் பேரச் சொல்லித் திட்டறதுன்னே தெரியலம்மா எனக்கு."

"கெய்ச்ச மஷிபூ," என்றேன். ஒன்றுமில்லை, விடு என்பதற்கு நம் ஊரில் சொல்வதுதான். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு பெயருக்கும் சேர்த்துத் திட்டினாள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்து, கல்லில் என்னை உட்காரவைத்து, காலைத் துடைத்துக் காலுறை மாட்டிவிட்டாள்.

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லையே."

காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. விழுந்தால்தான் பூட்டு என்று சொன்னது அவள்தான், எனவே வழியில்லாமல் போயிற்று. இப்போதும் நடக்கிறேன். ஒரே ஒரு புது உத்தரவு, கழற்றினால் பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். சிவப்புக் கயிறு அதற்கும் உதவுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனத்துக்குப் போன் போட்டேன். லைன் இரைந்தது. முழுக்கதையும் சொன்னேன்.

"அண்ணி," என்றாள் கடைசியில். "தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"எந்தக் கையால தொட்டீங்க?"

"நாலு கையாலயும்," என்றேன்.